சூப்பர்சார்ஜர் விழுங்கிய செவ்வந்திப்பூ

அக்கா வீட்டுக்கு வருகிற தம்பிமார் வெறுங்கையோடு வருவதில்லை. பிஸ்கட் டின், பழங்கள், அத்தானுக்கு ஒரு போத்தல் என்று ஏதாவது இருக்கும். என் மனைவியின் தம்பி ஜேர்மனியிலிருந்து பஸ் பிடித்து, லண்டன் செவன் கிங்ஸில் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தபோது, இடுப்பில் கட்டும் சாரத்தில் சுற்றிய ஏதோ ஒரு பாரத்தை இரண்டு கையாலும் தூக்கி என்னிடம் நீட்டினார்.

"என்ன மச்சான் இது?"

"சூப்பர்சார்ஜர், அத்தான். உங்கடை காருக்கு."

"ஒரு போத்தல் கொண்டு வந்திருக்கலாமே."

"போத்தல் முடிஞ்சு போயிடும்."

அந்தக் கார் என் ஓய்வுகாலத்துப் பைத்தியம். பெட்டி பெட்டியாகப் பாகங்கள் வந்து இறங்கும், வீட்டிலேயே ஒன்றோடொன்று பொருத்திப் பூட்டிக்கொள்ளவேண்டும். கிட் கார் என்பார்கள். இரண்டே இருக்கை. கூரை கிடையாது. கதவு என்று சொல்லக்கூடியதும் கிடையாது. லண்டன் மழைக்குப் பொருத்தமான வாகனம். வீட்டின் பின்னால், சந்துப் பக்கமாகத் திறக்கும் கராஜில் அதைச் சில வருடங்கள் இருந்து பூட்டினேன். சோதனைக்குக் கொண்டுபோய் முதல் தடவையிலேயே பாஸ் எடுத்தேன். எடுக்காமல் விட்டிருந்தால் அவமானம், ஏனென்றால் அதுதான் என் தொழில்.

நான் பொறியியல் படித்தவன். அந்தப் படிப்பை லண்டன் பயன்படுத்திய விதம், ஓய்வு பெறும்வரை என்னைக் கார்களுக்கு அடியில் நிறுத்தி வைத்ததுதான். வீதியில் ஓடத் தகுதி உண்டா இல்லையா என்று சோதித்துச் சொல்லும் நிலையம் ஒன்றில் வேலை. டயரின் தேய்மானம், பிரேக்கின் பிடி, புகையின் அளவு, எல்லாவற்றுக்கும் விதி உண்டு. எல்லா விதியும் எனக்குத் தெரியும். எங்கள் ஆட்கள் தங்கள் கார்களை வேறு நிலையங்களுக்குத்தான் கொண்டுபோவார்கள். தெரியாமல் என்னிடம் வந்து பெயில் வாங்கிய ஒருவர், தன் மகள் பெரியபிள்ளையான சாமத்தியவீட்டுக்கு எங்களைச் சொல்லாமல் விட்டார். என் மனைவிக்கு இன்னும் அதில் மனத்தாங்கல். அவருடைய பின் பிரேக்கில் எனக்கு இன்னும் சந்தேகம்.

சூப்பர்சார்ஜர் என்பது ஒரு காற்றுப் பம்ப். எஞ்சின் சுழலும்போது ஒரு பெல்ட் அதையும் சேர்த்துச் சுழற்றும். அது வெளிக்காற்றை இழுத்து, அமுக்கி, எஞ்சினுக்குள் தள்ளும். காற்று கூடினால் பெற்றோலும் கூட எரியும், வலு கூடும். எஞ்சின் தானாக இழுக்கும் மூச்சுப் போதாதென்று யாரோ மூக்கில் ஊதிவிடுவது போன்ற காரியம். எனக்கு அப்படி ஒரு தேவை இருக்கவில்லை. அந்தக் காரில் நான் போன அதிகபட்ச தூரம் லண்டனுக்குள்ளேயே இருக்கும் ரெய்னர்ஸ் லேன். அதுவும் ஒரு பிறந்தநாள் வீட்டுக்கு, மழையில்.

ஆனால் மச்சான் அதைப் பூட்டித்தருவதாகச் சொன்னார். "ஏழு நாள், ஒரு கிழமை காணும், அத்தான். எஞ்சினை ஸ்டார்ட் பண்ணிப் பார்த்திட்டு மற்ற நாள் வெளிக்கிடுறன்."

வெளிக்கிட்டுப் போக அவருக்கு அங்கே என்ன இருந்தது என்பதைச் சொல்லவேண்டும். ஸ்டுட்கார்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு கூட்டாளியோடு சேர்ந்து கராஜ் நடத்தியவர். போன மாரியில் அவருடைய மனைவி இறந்துபோனார். பிள்ளைகள் இல்லை. கராஜைக் கூட்டாளியிடமே விட்டுவிட்டு, மூன்றாம் மாடியில் ஒரு வீட்டில் தனியாக இருந்தார். என் மனைவி தினமும் போன் எடுப்பாள்.

"சாப்பிட்டியோ?"

"ஓம்."

"என்ன சாப்பிட்டனி?"

"சாப்பாடுதான்."

"இருந்து சாப்பிட்டியோ, நிண்டு சாப்பிட்டியோ?"

அந்தக் கேள்விக்கு மட்டும் அவர் லண்டனில் மழையா என்று கேட்பார். குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் நின்றபடியே பாணை விழுங்கிவிட்டுப் போய்ப் படுக்கிறார் என்று அவளுக்குத் தெரியும். எங்கள் வீட்டுக்கு வந்த முதல் நாளும் சோற்றுக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு யன்னலோரமாக நின்றேதான் சாப்பிட்டார். மனைவி கதிரையை இழுத்துப் போட்டாள். அவர் அதன் முதுகில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார்.

அடுத்த நாள் நான் கராஜில் தனியாக இருந்தபோது, மனைவி தேத்தண்ணியோடு வந்தாள். தேத்தண்ணிக்காக அவள் கராஜுக்கு வந்ததில்லை. நான்தான் போய்க் குடிக்கவேண்டும். ஏதோ விஷயம் இருக்கிறது என்று விளங்கியது.

"இஞ்சேருங்கோ, இந்த வேலை ஒரு கிழமையிலை முடிஞ்சிடுமாம். தம்பி சொல்லுறான்."

"முடியும். கெட்டிக்காரன்."

"முடியக்கூடாது."

நான் தேத்தண்ணியை வாங்கிக்கொண்டேன்.

"அங்கை போய் அவன் திரும்பவும் நிண்டுகொண்டு தின்னப்போறான். உங்கடை முறையள் எல்லாம் இருக்கெல்லோ? ஒண்டும் விடாமல் செய்யுங்கோ."

இத்தனை வருடக் கல்யாணத்தில் என் முறைகளை அவள் கேட்டு வாங்கியது அன்றுதான். அதுவரை அவை அவளுக்கு ஒரு தொற்றுநோய். புதுக் குளிர்சாதனப் பெட்டி வந்தபோது, கையேட்டைக் கடைசிப் பக்கம்வரை வாசித்து முடித்த பிறகே அதைக் கரண்டில் செருகினேன் என்பதை அவள் ஊர் முழுக்கச் சொல்லியிருக்கிறாள். அதற்குள் பால் புளித்துவிட்டது என்பதையும் சேர்த்து.

கேட்டதைக் கொடுத்தேன். முதலில் எஞ்சினின் உடல்நிலை. அதிக அழுத்தத்தைத் தாங்குமா என்று ஒவ்வொரு சிலிண்டராகச் சோதித்தோம். நன்றாக இருந்தது. நன்றாக இருக்கிறது என்பதை நம்பாமல், எஞ்சினைச் சூடாக்கி மறுபடி சோதித்தோம். பிறகு சூப்பர்சார்ஜரைத் தாங்கும் பிராக்கெட். அதை எஞ்சினின் பக்கவாட்டில் பூட்டவேண்டும். மச்சான் அலுமினியத் தகட்டில் கோடு போடத் தொடங்கிவிட்டார். நான் தடுத்தேன்.

"முதல் அட்டையிலை வெட்டிப் பார்ப்பம்."

"சரி."

"அது சரிவந்தால் பலகையிலை."

"பலகையிலையோ? பிறகு?"

"பிறகு அலுமினியம்."

"நல்லகாலம். இடையிலை கல்லிலை செதுக்கச் சொல்லுவீங்களோ எண்டு பயந்திட்டன்."

எஞ்சினின் புல்லியும் சூப்பர்சார்ஜரின் புல்லியும் ஒரே நேர்கோட்டில் இருக்கவேண்டும். இல்லையென்றால் பெல்ட் ஓரத்தில் தேய்ந்து, ஒரு நாள் கழன்று பறக்கும். இரும்புச் சட்டத்தை வைத்துக் காலையில் ஒரு தரமும் பின்னேரம் ஒரு தரமும் பார்த்தேன்; வெயில் சூட்டுக்கு உலோகம் விரியும் அல்லவா என்றேன். மச்சான் கராஜ் கதவைத் தள்ளி, வெளியே சாம்பல் நிறத்தில் இருந்த வானத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வந்து, சட்டத்தின் மறுமுனையைப் பிடித்தார்.

எஞ்சின் மூடிக்கு அடியில் வைக்கும் தடித்த காஸ்கெட் ஒன்றுக்குச் சொல்லி அனுப்பினேன். அது தபாலில் வரவேண்டும். தபால் தன் கடமையைச் செய்தது, பிந்தி வந்தது. காரில் மாற்றம் செய்யப்போவதாக இன்சூரன்ஸ்காரருக்கு அறிவித்தேன். அவர்கள் என்னைக் காத்திருக்கச் சொல்லி, போனில் சங்கீதம் போட்டார்கள். மச்சான் பக்கத்தில் இருந்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஜேர்மன்காரன்கூட இவ்வளவு கரைச்சல் தாறேல்லை, அத்தான்" என்றார். என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த பாராட்டுக்களில் அதை நான் மேலே வைத்திருக்கிறேன்.

இதற்கிடையில் வீட்டுக்குள்ளே வேறு வேலை நடந்துகொண்டிருந்தது. குசினிக் குழாய் ஒழுக்கை நிறுத்தியது. சனிக்கிழமைகளில் அக்காவும் தம்பியும் மீன் வாங்கப் பக்கத்திலிருக்கும் குட்மேய்ஸுக்கு நடந்து போனார்கள். மீனின் கண்ணைப் பற்றி வாக்குவாதப்பட்டுக்கொண்டே திரும்பி வந்தார்கள். கறிக்கு உப்புப் பார்க்க அவரைக் கூப்பிடுவாள். காணாது என்பார். காணும் என்பாள். பிறகு எதற்குக் கூப்பிட்டாய் என்று கேட்பார். ஒரு நாள் நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பின்னால் கதிரை இழுபடும் சத்தம் கேட்டது. யாரும் சொல்லாமலே மச்சான் கோப்பையை மேசையில் வைத்து, இருந்து, சோற்றைப் பிசைந்தார். மனைவி என்னைப் பார்த்தாள். நான் சோற்றைப் பார்த்தேன்.

ஆனால் ஒவ்வொரு ஞாயிறும் அவர், "இந்தக் கிழமையோடை முடிஞ்சிடும் போலை" என்று சொல்லாமல் விடுவதில்லை. உண்மையில் முடிந்துகொண்டுதான் இருந்தது. அட்டை பலகையாகி, பலகை அலுமினியமாகி, அலுமினியம் எஞ்சினில் ஏறிவிட்டது. பெல்ட் நேர்கோட்டில் நின்றது. குழாய்கள் பூட்டியாயிற்று. விதிகள் தீர்ந்துபோகக்கூடியவை என்று நான் அதற்கு முன் நினைத்ததே இல்லை.

என் கை ஓய்ந்ததும் மனைவி பஞ்சாங்கத்தை எடுத்தாள். புது எஞ்சின் மாதிரித்தானே, நாள் பார்க்காமல் தொடக்கூடாது என்றாள். திங்கள் மரணயோகம். புதன் அட்டமி. வியாழன் அவளுக்கே ஏதோ சரியில்லை. கடைசியில் மச்சான் சுவரில் தொங்கிய நாட்காட்டியைக் கழற்றி எடுத்துக்கொண்டுபோய்த் தானே பார்த்து, சனிக்கிழமை காலை நல்ல நேரம் என்று விரலை வைத்துக் காட்டினார். அவளால் மறுக்க முடியவில்லை. நாட்காட்டி கோயிலில் கொடுத்தது.

சனிக்கிழமை காலை நான் கீழே இறங்கி வந்தபோது, படிக்கட்டின் அடியில், முன்வாசல் கதவோரத்தில் அவருடைய பெட்டி நின்றது. பூட்டுப் போட்டு, மேலே கோட் மடித்து வைத்திருந்தது. சூப்பர்சார்ஜரைச் சுற்றிவந்த சாரம் தோய்த்து மடித்துக் கோட்டின் மேல் கிடந்தது. நான் அதைத் தாண்டித்தான் கராஜுக்குப் போகவேண்டியிருந்தது.

கராஜில் மனைவி எல்லாம் ஆயத்தமாக வைத்திருந்தாள். சில்லுகளுக்குக் கீழே எலுமிச்சம்பழம். தேங்காய் உடைத்தாயிற்று. கற்பூரத்தை மட்டும் சந்தில் வைத்துக் கொளுத்த அனுமதித்தேன். பெற்றோல் இருக்கும் இடத்தில் சாமிக்கும் விதிவிலக்கு இல்லை. எஞ்சினுக்குச் சந்தனப் பொட்டு வைத்தாள். அந்த நேரம் பார்த்து ஒரு சின்னச் சனியன். காற்று உள்ளே போகும் குழாயின் வாயில் தூசி வடிகட்டும் பில்டரைப் பூட்டும்போது, அதை இறுக்கும் கிளிப்பின் புரி வழுக்கிவிட்டது. வேறு கிளிப் வாங்கக் கடைக்குப் போகவேண்டும்.

"பில்டர் பிறகு, அத்தான். அரை நிமிஷம் ஓடவிட்டு, பெல்ட்டைப் பார்த்திட்டு நிப்பாட்டுவம். ராகுகாலம் துவங்கினால் அக்கா அடுத்த கிழமை எண்டுவா."

வேறு எந்த நாளிலும் நான் இதற்கு ஒத்துக்கொண்டிருக்கமாட்டேன். திறந்த வாயோடு சூப்பர்சார்ஜரை ஓட்டக்கூடாது. பக்கத்தில் இருப்பதையெல்லாம் அது இழுக்கும். எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பெட்டியைத் தாண்டி வந்ததிலிருந்து மனம் பில்டரில் ஓடவில்லை. சரி என்றேன்.

மச்சான் காருக்குள் ஏறி உட்கார்ந்தார். நான் கதவோரத்தில் தொங்கிய தீயணைப்பானை எடுக்கத் திரும்பினேன். முதல் ஸ்டார்ட் என்றால் அது கையில் இருக்கவேண்டும். நான் திரும்பிய அந்தக் கொஞ்ச நேரத்தில் என் மனைவி பூ வைத்திருக்கிறாள்.

எஞ்சின் முதல் தடவையிலேயே பிடித்தது. அதோடு சேர்ந்து சூப்பர்சார்ஜரின் சத்தமும் எழுந்தது. தையல் மெஷினுக்குக் கோபம் வந்ததுபோல, மெல்லிசாக, உயர்ந்துகொண்டே போகும் ஒரு சத்தம். எங்கள் மூன்று பேரின் முகத்திலும் ஒரே நேரத்தில் சிரிப்பு வந்தது என்று நினைக்கிறேன். பிறகு "லபக்" என்று ஒன்று. சத்தம் அடைத்தது. எஞ்சின் இருமியது.

"நிப்பாட்டும்! நிப்பாட்டும்!"

நின்றது. குழாயின் வாயோரத்தில் ஒரே ஒரு மஞ்சள் இதழ் ஒட்டிக்கொண்டிருந்தது. மற்றதெல்லாம் உள்ளே.

"என்ன வைச்சனீர்?" என்று மனைவியைக் கேட்டேன்.

"பூ."

"அதுக்குள்ளையோ?"

"பூ வைக்கத்தானே வேணும். அதுக்கு எது முகம் எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்? வாய் மாதிரி ஒண்டு திறந்து கிடந்தது."

நான் மச்சானின் பக்கம் திரும்பினேன். எனக்கு உயிர் வந்துவிட்டது. "கழட்டவேணும். உள்ளுக்கை சுத்துற ரோட்டர் ரெண்டுக்கும் இடைவெளி மயிரிழைதான். பேரிங் பார்க்கவேணும். குழாய் எல்லாம் கழட்டிக் கழுவவேணும். பிளக் எல்லாம் பார்க்கவேணும். குறைஞ்சது மூண்டு கிழமை."

"ஒரு மணித்தியாலம் காணும், அத்தான்."

"காணாது."

"ஒரு பூவுக்கு மூண்டு கிழமையோ?"

"செவ்வந்தி. இதழ் கூட."

அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே காரிலிருந்து இறங்கி, துணியில் கையைத் துடைத்தார். துடைத்து முடிந்தபிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அக்கா, வேணுமெண்டே வைச்சனீங்கள்?"

தேங்காய்ப் பாதிகள் இரண்டும் அவள் கையில் இருந்தன. "வேறை நான் என்ன செய்யிறது? நில்லெண்டால் நிக்கிறாயோ நீ? எத்தினை தரம் கேட்டிட்டன். மீன்கடைக்குப் போகேக்கை கேட்டன், வரேக்கை கேட்டன். எல்லாத்துக்கும் பார்ப்பம், பார்ப்பம்."

இது எனக்குப் புதுச் செய்தி. அவள் கேட்டிருக்கிறாள் என்பதே எனக்குத் தெரியாது. நாங்கள் இருவரும் வேலையை மட்டும்தான் இழுத்துக்கொண்டிருக்கிறோம் என்று நினைத்திருந்தேன்.

மச்சான் அவளைப் பார்க்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. குழாயின் வாயில் இருந்த இதழைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "அக்கா கேப்பா. அக்கா கேக்காமல் வேறை ஆர் கேக்கிறது. ஆனால் வீடு அத்தான்ரை."

எங்களுக்குள் இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அக்கா வீட்டில் தம்பி எத்தனை நாளும் விருந்தாளியாக நிற்கலாம். அங்கேயே இருப்பதென்றால் அக்காவின் சொல் போதாது. அத்தான் வாயால் சொல்லவேண்டும். யாரும் எழுதி வைக்காவிட்டாலும் அதுவும் ஒரு விதிதான், யாழ்ப்பாணத்தில் பிறந்தவனுக்குச் சொல்லித்தரத் தேவையில்லாத விதி. அது எனக்குத் தோன்றாமல் போனதற்கு ஒரே ஒரு காரணம்தான் சொல்ல முடியும். இத்தனை கிழமையாக அட்டையும் பலகையும் வெட்டி, சட்டத்தின் மறுமுனையை அவரிடம் பிடிக்கக் கொடுத்து, நான் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்திருந்தேன்.

எனக்குத் தெரிந்த வழியில் தொடங்கினேன். "உம்மட்டை ஜேர்மன் பாஸ்போர்ட் இருக்கு. பிரிட்டன் இன்னும் ஐரோப்பிய யூனியனுக்குள்ளைதானே, இஞ்சை இருக்க விசா தேவையில்லை. இந்த விலாசத்தைக் காட்டி டொக்டரிட்டைப் பதியலாம். வேலைக்கெண்டால் நாஷனல் இன்சூரன்ஸ் நம்பர் எடுக்கவேணும், அதுக்கு முதல்..."

"அத்தான்."

"ஓம்."

"நான் அதைக் கேக்கேல்லை."

தீயணைப்பான் இன்னும் என் கையில் இருந்தது. கீழே வைத்தேன்.

"மச்சான், இஞ்சை நில்லும். எங்களோடையே இரும்."

அவர் தலையை ஆட்டினாரா என்றுகூட எனக்குத் தெரியாது. எஞ்சின் பக்கம் குனிந்துவிட்டார். பிறகு, நிமிராமலே, கையைப் பின்னால் நீட்டினார்.

"பத்தாம் நம்பர் ஸ்பானரைத் தாங்கோ, அத்தான். மூண்டு கிழமை வேலையெண்டீங்கள்."

எடுத்துக் கொடுத்தேன். மனைவி தேங்காய்ப் பாதிகளோடு வீட்டுக்குள் போனாள். பின்கதவு திறந்து கிடந்ததால், உள்ளே பெட்டியின் சில்லு படிக்கட்டில் இடிபடும் சத்தம் எங்கள் இருவருக்கும் கேட்டது. ஒவ்வொரு படியாக, மேலே. தூக்க உதவி செய்ய நாங்கள் இருவருமே போகவில்லை. நாங்கள் கேட்டிருந்தாலும் அவள் பெட்டியைத் தந்திருக்கமாட்டாள்.

பூ ஒரு மணித்தியாலத்தில் வெளியே வந்துவிட்டது என்பதை நேர்மைக்காகச் சொல்லிவிடுகிறேன். ரோட்டரில் ஒரு கீறலும் இல்லை. அவள் அதை வேண்டுமென்றேதான் வைத்தாளா என்று இன்றுவரை நான் கேட்டதில்லை. மச்சான் கேட்டதற்கும் அவள் நேராகப் பதில் சொல்லவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள்.

புதுக் கிளிப் வாங்கி, பில்டர் பூட்டி, இன்சூரன்ஸ்காரர் சங்கீதத்தை நிறுத்திச் சம்மதம் சொல்லி, மச்சானின் பெயரையும் அதில் சேர்த்து, எல்லாம் முறைப்படி முடிந்த பிறகு ஒரு சனிக்கிழமை காரை வெளியே எடுத்தோம். இரண்டே இருக்கை என்று முன்பே சொன்னேன். நான் ஓட்டுவதா, மச்சான் ஓட்டுவதா என்று நாங்கள் மரியாதைக்கு இழுபட்டுக்கொண்டிருந்தபோது, என் மனைவி தலையில் சால்வையைக் கட்டிக்கொண்டு வந்து பக்கத்து இருக்கையில் ஏறிவிட்டாள். அந்தக் காரை நான் பூட்டிய காலத்திலிருந்து அவள் அதில் ஏறியதில்லை. குளியல் தொட்டிக்குள் உட்கார்ந்து ஊர்வலம் போக ஏலாது என்பது அவளுடைய நிலைப்பாடு.

"தம்பி ஓட்டட்டும்" என்றாள்.

"முதல் ஓட்டம் வீதி முனைமட்டும்தான்" என்றேன். "போய்த் திரும்பி வந்து நிப்பாட்டி, பெல்ட்டைப் பார்க்கவேணும்."

"ஓம் அத்தான்" என்றார் மச்சான், மிகவும் பணிவாக.

மனைவி மறுபடி வைத்த எலுமிச்சம்பழங்கள் நசிபட, கார் சந்தைத் தாண்டி வீதிக்கு ஏறியது. நான் தீயணைப்பானோடு வீட்டுக்குள்ளால் நடந்து முன்வாசல் கேற்றுக்கு வந்து நின்றேன். அந்த மெல்லிய சத்தம் உயர்ந்துகொண்டே போனது. அதற்கு மேலால், "மெதுவா ஓட்டடா! மெதுவா!" என்று அவளுடைய குரல். பிறகு சிரிப்பு. அப்படி ஒரு சிரிப்பை அவளிடம் கேட்டு எத்தனையோ காலம். வீதி முனையில் சத்தம் திரும்பவில்லை. இடது பக்கமாக ஒதுங்கி, மெல்ல மெல்லக் கரைந்து போனது.

நின்றேன். தபால்காரர் என் கையிலிருந்த தீயணைப்பானைப் பார்த்துவிட்டு, கடிதங்களைக் கதவு வழியாகப் போட்டுவிட்டுப் போனார்.

அவர்கள் திரும்பி வந்தபோது மனைவியின் சால்வை கழுத்துக்கு வந்துவிட்டிருந்தது. காருக்குள் மணக்கும் என்று மீன்பையை வெளியே நீட்டிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"வீதி முனைமட்டும் எண்டெல்லோ சொன்னனான்?"

"குட்மேய்ஸிலை மீன் முடிஞ்சு போயிடும் எண்டு அக்கா சொன்னவ" என்றார் மச்சான்.

நான் குனிந்து பெல்ட்டைப் பார்த்தேன். ஓரம் தேயாமல் நேராகத்தான் ஓடியிருந்தது.

"என்ன அத்தான், பாஸோ பெயிலோ?"

நான் பதில் சொல்வதற்குள் மனைவி மீன்பையை என் கையில் தந்துவிட்டு, மற்றக் கையிலிருந்த தீயணைப்பானை வாங்கிக்கொண்டாள்.